பார்த்தசாரதி சாரும் ‘இடியட்’ என்ற சொல்லும்

காலை ஷிப்ட் பஸ் வல்லக்கோட்டையைத் தாண்டும்போது, பக்கத்தில் இருந்த கலைவாணி போனை நீட்டினாள். எங்கள் தொழிற்சாலையின் சேஃப்டி அதிகாரி பார்த்தசாரதி சார் இறந்துவிட்டார். மாரடைப்பு. மண்ணூர் வீட்டில் உடலை வைத்திருக்கிறார்கள். கலைவாணி ஜன்னல் பக்கம் திரும்பி அழுதாள்.

அவரோடு கேண்டீனில் உட்கார்ந்த எல்லோருக்கும் தெரியும், மனிதர் வார்த்தைப் பைத்தியம். எந்த ஆங்கிலச் சொல் காதில் விழுந்தாலும் அதன் பூர்வீகத்தைச் சொல்லாமல் விடமாட்டார். சாம்பார் ஆறிப்போகும். நாங்கள் தட்டை எடுத்துக்கொண்டு நழுவுவோம்.

எங்கள் லைனில் விபத்தில்லாத நாட்களை எழுதும் பலகை உண்டு. அப்போது இன்னும் சில நாள் தாண்டினால் ஆளுக்கொரு குக்கர் பரிசு. அதனால் சின்னக் காயத்தை யாரும் வெளியே சொல்வதில்லை. பிரஸ் மெஷினின் பாதுகாப்புக் கதவு திறந்திருந்தால் மெஷின் ஓடக்கூடாது. உற்பத்தி குறைகிறதென்று, திறந்திருந்தாலும் ஓடும்படி அந்தக் கதவின் சுவிட்சில் டேப் ஒட்டியிருந்தார்கள். எல்லோருக்கும் தெரியும். ஒருநாள் கலைவாணியின் கையுறை உள்ளே மாட்டி, விரல் நுனி கிழிந்தது. “பிளாஸ்டர் போட்டுக்கோடி, குக்கர் பூடும்” என்றார்கள். நான் கான்ட்ராக்ட் ஆள். புதுப்பிக்கும் நேரம் வேறு. வாயைத் திறந்தால் வேலை போய்விடும். பயந்துகொண்டேதான் சிவப்புப் பட்டனை அழுத்தி, சாருக்குச் சொல்லி அனுப்பினேன்.

சூப்பர்வைசர் ஓடிவந்தார். “இடியட்! லைனை நிறுத்திட்டு இன்னா பண்ணிகினு கீற? உன் வேலையப் பாத்துகினு கம்முனு இருக்க மாட்டியா?”

பின்னாலேயே வந்த சார் சண்டை போடவில்லை. பூர்வீகத்தை ஆரம்பித்தார். “அது கிரேக்கச் சொல்லுங்க. ஆதியில திட்டே இல்ல. பொதுக் காரியத்துக்கு வராம, தன் சொந்த வேலைய மட்டும் பாக்குறவனுக்கு அந்தப் பேரு. அப்புறம் தொழில் தெரியாதவன்னு ஆச்சு, படிக்காதவன்னு ஆச்சு, கடைசியில முட்டாள்னு வந்து நின்னுது. இந்தப் பொண்ணு அடுத்தவ கைக்காக மெஷினை நிறுத்தியிருக்கா. இவளைத் தவிர இங்க யாரை வேணா அப்படிக் கூப்பிடுங்க. தெனம் ரவுண்ட்ஸ் வந்தும் இந்தக் கதவைப் பாக்காத என்னையும் சேர்த்து.”

டேப்பைப் பிய்த்தார். பலகையைத் துடைத்துப் பூஜ்யம் போட்டார். லைனில் பல நாள் யாரும் எனக்கு முகம் கொடுக்கவில்லை. “அவங்களுக்கு ஒரு குக்கர் வாங்கிக் கொடுத்துப் பாக்கட்டுமா?” என்று கேண்டீனில் சார் என்னைச் சீண்டினார்.

மேலிடம் விசாரித்தபோது, “நிறுத்தச் சொன்னது நான்தான்” என்றார். அது பொய். என் கான்ட்ராக்ட் நீண்டது. அவருக்கு வரவேண்டிய பதவி உயர்வு வரவில்லை. எல்லாச் சொல்லையும் பற்றிப் பேசியவர், இதைப் பற்றி மட்டும் ஒரு சொல் பேசவில்லை.

அன்று, வாயைத் திறந்தால் என்ன ஆகுமோ என்று பயந்தேன். இப்போதெல்லாம், திறக்காமல் இருந்துவிடுவேனோ என்றுதான் பயப்படுகிறேன். அந்தப் பயம் அவர் எனக்குக் கொடுத்தது. அதை நான் வைத்துக்கொள்கிறேன்.