பெயர் எழுதிய களை

தேவராசா அண்ணை பீற்றூட்டைப் பிடுங்கியதும் இலையை முறித்துத் தன் பைக்குள் வைப்பார். கிழங்கைப் பக்கத்துத் தோட்டத்து வெள்ளைக்காரக் கிழவரிடம் வேலிக்கு மேலால் நீட்டுவார். கிழவர் தன்னுடைய இலைகளை இவரிடம் நீட்டுவார். மற்றவரை ஏமாற்றிவிட்டதாக இருவருக்கும் ஒரே திருப்தி.

லண்டன் எட்மண்டனில் கவுன்சில் வாடகைக்கு விடும் இந்தத் தோட்டத் துண்டுக்காக அண்ணை ஆறு வருடம் காத்திருந்தவர். ஐந்து நாள் பாண் தொழிற்சாலையில் ஷிப்ட், சனிக்கிழமை இங்கே. இரண்டு வருடத்துக்கு முன் குடும்பத்தோடு சவுத்தெண்டுக்குப் போனபோது, எல்லோரும் கடலில் கால் நனைக்க, இவர் கரையில் தானாக முளைத்திருந்த காட்டுப் பீற்றூட்டின் விதைகளைக் காலுறைக்குள் நிரப்பிக்கொண்டு வந்தார். கிழங்கு வைக்காத, தடித்த இலைச் செடி. "உதுதான் பீற்றூட்டின்ரை பூட்டன்" என்பார். மனைவி நகுலேஸ்வரிக்கு அந்த உறவு வேண்டாம். "நாய் காலைத் தூக்கின இடத்துக் கீரை என்ரை சட்டிக்குள்ள வராது" என்றுவிட்டார். அண்ணையே சமைத்து, அண்ணையே சாப்பிடுகிறார்.

இந்த யூலையில் கவுன்சில் கடிதம் வந்தது. பாதித் தோட்டம் களை மண்டிக் கிடக்கிறதாம். மூன்று கிழமைக்குள் துப்புரவாக்காவிட்டால் துண்டு வேறொருவருக்குப் போய்விடும். அவர்கள் களை என்றது சவுத்தெண்ட் பயிரை. அண்ணை இரண்டு நாள் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. சனிக்கிழமைகளில் கூடமாட உதவிக்குப் போகும் எனக்கே பார்க்கப் பாவமாக இருந்தது.

"பிடுங்கி எறியுங்கோவன் அண்ணை" என்றேன்.

"ஏலாது. இவங்களுக்குப் பேர் எழுதி வைச்சாப் பயிர், எழுதாட்டிக் களை. ஜேர்மனியில ஒன்பது வருசம் விசாப் பேப்பர் இல்லாமல் இருந்தனான், எனக்குத் தெரியும்."

மகள் தாரகா சிவப்புப் பீற்றூட்டுக்கும் கீரைப் பீற்றூட்டுக்கும் காட்டுச் செடிக்கும் லத்தீன் பெயர் போட்ட மட்டைகள் அச்சடித்துக் கொடுத்தாள். மூன்றிலும் ஒரே பெயர், பீற்றா வல்காரிஸ். தாவரவியல்படி அது சரியாம்.

பார்வையிட வந்த அதிகாரி குனிந்து ஒவ்வொரு மட்டையாக வாசித்தார். காட்டுச் செடிக்கு முன்னால் கொஞ்சம் மரியாதையாகவே நின்றார். நல்ல சேகரிப்பு என்று பாராட்டி, கடிதத்தை மறந்துவிடச் சொன்னார். போகும்போது மட்டும், தொட்டால் சுணைக்கும் காஞ்சோண்டிப் பற்றை மண்டிய மூலையைக் காட்டி, அதை அடுத்த மாதம் வந்து பார்ப்பதாகச் சொன்னார்.

அவர் படலையைச் சாத்தும்வரை அண்ணை பொறுத்திருந்தார். பிறகு சிவப்புப் பீற்றூட்டுக்கு முன்னால் நின்ற மட்டையைப் பிடுங்கி, காற்சட்டையில் மண்ணைத் துடைத்து, கொண்டுபோய்க் காஞ்சோண்டிக்கு முன்னால் ஊன்றினார்.