இரைச்சலுக்கு அடியில் அண்ணன்

மரப்பெட்டியின் மூடியை நெம்பித் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டவை என் அண்ணனின் சட்டைகள். கட்டம் போட்டவை, கோடு போட்டவை, குளிருக்கான கம்பளிச் சட்டை ஒன்று. அண்ணி அவற்றைச் சுருட்டி, உள்ளே இருந்த கருவியின் முகப்பில் தொங்கிய ஒயர்களுக்கு நடுவே திணித்திருந்தார். கப்பல் எவ்வளவு ஆடினாலும் ஒரு ஒயர்கூடக் கழன்றுவிடக் கூடாது என்று அப்படிச் செய்திருக்கிறார். "மெதுவா பாப்பா. ஒயருல கை படாம எடு" என்றார். அம்மா ஒரு சட்டையை வாங்கி முகத்தில் வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அண்ணன் பாரிசில் மாரடைப்பால் இறந்து அரை வருடம்கூட ஆகியிருக்கவில்லை.

எங்கள் தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்தவர். அதனால் வந்த குடியுரிமையில் அண்ணன் படிப்பு முடிந்ததும் பாரிசுக்குப் போய், ஒரு ரேடியோ பழுதுபார்க்கும் கடையில் சேர்ந்தான். நான் புதுச்சேரியிலேயே தங்கி, எழுபதுகளின் கடைசியில் தட்டாஞ்சாவடியில் டிரான்ஸ்ஃபார்மர் சுற்றும் ஒரு சிறிய பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தேன். அண்ணன் தன் கையாலேயே கட்டிவருவதாகக் கடிதங்களில் எழுதிய சிந்தசைசரை, அந்த மின்னிசைக் கருவியை, பெட்டிக்குள்தான் முதல்முறையாகப் பார்த்தேன். கட்டைகளை அழுத்தி வாசிக்கும் கருவி இல்லை அது. அலமாரித் தட்டுபோன்ற சட்டத்தில் வரிசையாக இரும்புத் தகடுகள். ஒவ்வொன்றிலும் திருகுகளும் துளைகளும். ஒரு தகடு சுரத்தை எழுப்பும், இன்னொன்று அதன் கூர்மையை மழுக்கும், மற்றொன்று அதை ஏற்றி இறக்கும். துளைக்குத் துளை ஒயரால் இணைத்தால்தான் எதுவும் கேட்கும். எந்த ஒயர் எங்கே போகிறது, எந்தத் திருகு எவ்வளவு திரும்பியிருக்கிறது என்பதுதான் அதன் இசை. ஒயரைப் பிடுங்கினால் அந்த இசை போயிற்று.

அண்ணன் கடைசியாக அமைத்த இசை அந்த ஒயர்களில் அப்படியே இருந்தது. டேப்பில் பதியவில்லை. முடித்ததும் கூப்பிடுகிறேன் என்று அண்ணியிடம் சொல்லியிருந்தானாம். மறுநாள் கடையிலேயே சரிந்து விழுந்துவிட்டான். அண்ணி அங்கே தனியாக அதைத் தொடப் பயந்து, பெட்டியில் போட்டு என்னிடம் கொண்டுவந்துவிட்டார். "கூரான் சமாச்சாரம் ஒனக்குத்தான் தெரியும். ஒரு தடவ ஒழுங்கா கேக்கணும். அது போதும் எனக்கு" என்றார். மின்சாரத்துக்கு அவர் வாயில் வருவது பிரெஞ்சுக் கூரான்தான்.

குருசுக்குப்பம் பக்கம் இருந்த எங்கள் வீட்டில் அதை முதலில் போட்டபோது மாவு மிஷின் ஓடுவதுபோல ஓர் இரைச்சல் அறையை நிரப்பியது. அதற்கு அடியில் எங்கோ, கிணற்றுக்குள் யாரோ பேசுவதுபோல, ஒரு மெட்டு ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. அண்ணி பெட்டியின் மேல் காதை வைத்துக்கொண்டார். சாயங்காலம் தெருவில் எல்லாரும் விளக்கு போட்டார்கள். எங்கள் பல்பு மஞ்சளானது, இரைச்சல் பெருத்தது, மெட்டு சுதி இறங்கிக் குழைந்து, கடைசியில் முனகலாகிவிட்டது. அம்மா அடுத்த அறையிலிருந்து கத்தினாள். "அந்தச் சனியன நிறுத்துங்கடி! எம்புள்ள செத்தது போதாதா?"

அதன் பிறகு எனக்கு வேறு நினைப்பே இல்லை. மின்அழுத்தம் இறங்கியபோதெல்லாம் சுதி இறங்கியது. ஆகவே, பட்டறையில் அதற்கென்றே ஒரு டிரான்ஸ்ஃபார்மரைச் சுற்றி, ஒரு ஸ்டெபிலைசரும் கட்டிக் கொண்டுவந்தேன். சுதி இறங்காமல் நின்றது, இரைச்சல் ஓயவில்லை. மின்சாரத்தின் அலையைச் சமன்செய்யும் கப்பாசிட்டர்கள் உலர்ந்துபோயிருந்தன. பெரிதாக வாங்கி மாற்றினேன். பாதி அடங்கியது. வீட்டில் எர்த் இல்லை, இரும்புச் சட்டத்தைத் தொட்டால் விரல் சுரீர் என்றது. கிணற்றடியில் குழி தோண்டி, செம்புத் தகடு புதைத்து, கரியும் உப்பும் கொட்டித் தண்ணீர் ஊற்றினோம். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு மண்வெட்டி பிடித்தவர் அண்ணிதான். உள்ளங்கை கொப்பளித்தும் விடவில்லை. இன்னும் கொஞ்சம் அடங்கியது. ஆனால் தாளம்போல் ஒரு டிக்டிக் ஒலியும், அடிநாதமாக ஒரு முணுமுணுப்பும் போகவே இல்லை. அண்ணி சாப்பிடுவதைக் குறைத்துக்கொண்டார். பக்கத்து வீட்டுக்காரர்கள் என்னைத் தனியே கூப்பிட்டு, அண்ணியைக் கோவிலுக்கு அழைத்துப் போய் மந்திரித்துப் பார் என்றார்கள்.

பின்பக்கப் பலகையைக் கழற்றிப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. எல்லாத் தகடுகளின் மின்சாரமும் திரும்பிவர ஒரே ஒரு மெல்லிய கம்பிதான் இருந்தது. கப்பலிலும் எங்கள் கடற்காற்றிலும் அதைப் பற்றவைத்த இடங்கள் பச்சை பூத்திருந்தன. ஒரு தகட்டின் மின்சாரம் மற்றொன்றில் கசிந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு தகட்டிலிருந்தும் தனித்தனியே கனமான கம்பி இழுத்து ஓரிடத்தில் முடிய வேண்டும். அதற்குத் தகடுகளைச் சட்டத்திலிருந்து வெளியே எடுக்க வேண்டும். வெளியே எடுக்க முகப்பு ஒயர்களைப் பிடுங்க வேண்டும்.

சொன்னதும் அண்ணி எழுந்து கருவிக்கும் எனக்கும் நடுவே வந்து நின்றார். "அத மட்டும் கேக்காத" என்றார். நான் மறுபடி கேட்கவில்லை. சில நாட்கள் கழித்து, போட்டுக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே கருகல் வாடை வந்தது. ஓடிப் போய் அணைத்தேன். அந்த மெல்லிய கம்பியின் ஓரிடம் கறுத்து, உறை உருகித் தொங்கியது.

"அண்ணி, இன்னொரு தடவ போட்டா மொத்தமும் எரிஞ்சிடும்."

"போடாம இருந்தா?"

"அப்படியே இருக்கும். கேக்க முடியாது."

அவர் அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். அம்மா எவ்வளவோ கெஞ்சியும் திறக்கவில்லை. பிறகு ஒரு காலையில், நான் வேலைக்குக் கிளம்பும்போது கூப்பிட்டார். கையில் நகப்பூச்சுக் குப்பி இருந்தது. ஒவ்வொரு திருகும் நின்ற இடத்தில் சிவப்பாக ஒரு புள்ளி வைத்திருந்தார். ஒவ்வொரு ஒயருக்கும் அதன் துளைகளுக்கும் ஒரே நிறத்தில் நூல் கட்டியிருந்தார். "நீ புடுங்காத. நான் புடுங்குறேன்" என்று, ஒவ்வொன்றாக உருவி என் மடியில் வைத்தார். அழவில்லை. கடைசி ஒயரில் மட்டும் கை நின்றது. பிறகு அதையும் உருவினார்.

வேலை முடிய வாரங்கள் ஆயின. மறுபடி போட்டபோது இரைச்சல் இல்லை. இயங்குகிறதா என்ற சந்தேகம் வரும் அளவுக்கு அமைதி. நூலையும் புள்ளியையும் பார்த்து ஒயர்களைச் சொருகினோம். மெட்டு எழுந்தது. சுத்தமாக, கண்ணாடிபோல இருந்தது. நான் சந்தோஷத்தில் திரும்பினால் அண்ணியைக் காணோம். சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டிருந்தார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பாரிசில் அவர் அதை ஒரே ஒரு தடவைதான் கேட்டிருக்கிறார், அதுவும் சமையலறையில் சமைத்துக்கொண்டு, சுவருக்கு அந்தப் பக்கம் நின்று.

கதவு திறந்தது. "இது இல்ல பாப்பா" என்றார்.

நகப்பூச்சுப் புள்ளியின் அகலமே போதுமானதாக இருந்தது, ஒரு சுரம் இன்னொன்றாகிவிட. அதைவிடப் பயங்கரமான எண்ணம் ஒன்று என்னைத் தூங்கவிடவில்லை. அண்ணன் இந்தத் திருகுகளைத் திருப்பியது அவனுடைய பழைய மின்சாரத்தில். நான் சீராக்கியது வேறு மின்சாரம். அவனுடைய மெட்டு அந்தக் குறையோடு சேர்ந்து அமைந்திருக்கலாம். அழுத்தத்தைக் குறைத்துப் பார்த்தேன், கூட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் அண்ணி சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்துவார், வருவார், தலையை ஆட்டுவார். பழைய இரைச்சலைத் திரும்பக் கொண்டுவர முடியுமா என்றுகூட ஒரு நாள் கேட்டார். அதற்கும் வழி இருக்கவில்லை.

இப்போது எனக்கென்று ஒரு பட்டறை இருக்கிறது. அண்ணன் வருடக்கணக்கில் பற்றவைத்துக் கட்டியதை என் பேரன் கைப்பேசியில் விரலால் தட்டி எழுப்பிவிடுகிறான். இரைச்சலே இல்லாத காலம் இது. பட்டறைக்கு ஆம்ப்ளிஃபயர் கொண்டுவருபவர்கள் சத்தத்தை எடுத்துவிடுங்கள் என்கிறார்கள். எடுத்துவிடுகிறேன். எடுக்கும்போது கூடவே என்ன போகிறது என்று ஒவ்வொரு தடவையும் பயமாக இருக்கிறது.

எண்பதுகளின் நடுவில் அண்ணி பாரிசுக்குத் திரும்பினார். கிளம்புவதற்குச் சில நாட்கள் முன்பு ஒரு மதியம், கருவி மாலைவரை சூடாக வேண்டாமே என்று அணைக்கப் போனேன். அண்ணி தரையில் உட்கார்ந்து, நூல்களை எல்லாம் அவிழ்த்துவிட்டு, தன் இஷ்டத்துக்கு ஒயர்களை மாற்றிச் சொருகியிருந்தார். தடுமாறிக்கொண்டு, நான் கேட்டறியாத ஒரு மெட்டு போய்க்கொண்டிருந்தது. அம்மா வாசற்படியில் வந்து நின்றிருந்தாள். திட்டவில்லை.

"இது அவரு இல்ல" என்றார் அண்ணி, என்னைப் பார்க்காமலே. "ஆனா நிறுத்திடாத."

சுவிட்சிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.