எனக்கு முன்னால் கிளம்பிய பெட்டி

மாலத்தீவுக்குத் திரும்பிப் போவதா வேண்டாமா என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே என் பெட்டி கிளம்பிவிட்டது. நான் புறப்பட வேண்டிய நாள் அஷ்டமி. அதனால் அதற்கு முன்பே ஒரு நல்ல நேரம் பார்த்து, அம்மா பெட்டியை எதிர்வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டாள். இதைப் பரஸ்தானம் என்பார்கள். பெட்டி வாசல் தாண்டினால் ஆளும் பயணப்பட்டுவிட்டதாகக் கணக்கு. ஆள் போகாமல் பெட்டி மட்டும் வீடு திரும்புவது ஆகவே ஆகாது.

"என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம் இல்லம்மா?" என்றேன்.

"இதுல கேக்கறதுக்கு இன்னா இருக்குது? போவத்தான போற?" என்றாள்.

போகத்தான் வேண்டுமா என்பதுதானே என் கேள்வி. அந்தத் தீவுப் பள்ளியில் இரண்டு வருடமாக அறிவியல் டீச்சராக இருந்தேன். எங்கள் பாஸ்போர்ட்டைத் தலைமையாசிரியர் தன் மேசைக்குள் வைத்துப் பூட்டிக்கொள்வார், விடுப்புக்கு மட்டும்தான் கையில் தருவார். பள்ளி விட்டதும் அவர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம். விருந்தாளி வந்தால் அடுப்படியும் என் தலையில். ஒருநாள் முடியாதென்றேன். மறுநாள் வகுப்புக்குள் வந்து, எல்லோர் முன்னாலும், "உங்கள் ஊரில் சோறில்லாமல்தானே இங்கே வந்தாய்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். பிள்ளைகள் சிரித்தார்கள். அதன்பிறகு நான் கரும்பலகைப் பக்கம் திரும்பினாலே பின்னால் சிரிப்புதான். ஊரில் யாரிடமும் இதைச் சொல்லவில்லை. கேட்டவர்களிடம் கடல் பச்சையாக இருக்கும் என்று மட்டும் சொன்னேன், அதுவாவது உண்மை.

சொல்ல முடியாததற்குக் காரணம் என் தம்பி. பி.எஸ்ஸி. முடித்துவிட்டு வேலையில்லாமல் இருந்தான். இடஒதுக்கீட்டுப் போராட்டம் சூடேறியிருந்த நேரம் அது. வடக்கனந்தலைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து பையன்கள் கோடரியோடு கிளம்பி, கள்ளக்குறிச்சி ரோட்டில் புளியமரங்களைச் சாய்த்துப் போட்டார்கள். அவர்களில் இவனும் ஒருவன். பஸ் நின்றது, ஆலைக்குப் போகிற கரும்பு வண்டிகளும் நின்றன. வேலை கேட்டு மரம் வெட்டி, கைத்தோல் உரிந்து வீட்டுக்கு வந்தவனிடம், கிடைத்த வேலையை வேண்டாமென்று விடப்போகிறேன் என எந்த வாயால் சொல்வேன்?

ஆனால் மறியலில் எனக்கு உள்ளூரக் கொண்டாட்டம். விடுப்பு முடிவதற்குள் போய்ச் சேராவிட்டால் வேலை தானாகப் போய்விடும். ரோடு மூடிக்கிடந்தால் நான் என்ன செய்வேன்? பழி மரத்தின் மேல் போகட்டும். என் துணியெல்லாம் எதிர்வீட்டுப் பெட்டிக்குள் மாட்டிக்கொண்டதால் அம்மாவின் புடவையைக் கட்டிக்கொண்டு, மரம் இன்னும் கிடக்கிறதா என்று வருகிறவர் போகிறவரையெல்லாம் விசாரித்தேன். பாவம், வேலைக்குப் போக இந்தப் பெண்ணுக்கு எவ்வளவு தவிப்பு என்று ஊரே உருகியது.

தம்பியும்தான் உருகிவிட்டான். மலைக்குச் சரக்கு ஏற்றும் ஜீப் ஒன்றைக் கெஞ்சிக் கூத்தாடிக் கூட்டிவந்தான். "கல்ராயன் மல மேல ஏறி, கருமந்துறை வழியா சேலம் பக்கம் எறங்கிடலாம்க்கா. சேலத்துல ரயில புட்சா நேரா திருவனந்தபுரம், அங்க ப்ளேனு. நீ ஒண்ணும் கவலப்படாத" என்றான். எதிர்வீட்டிலிருந்து அவனே பெட்டியைத் தூக்கி வந்து ஜீப்பில் வைத்தான். அம்மா அவன் தலையைத் தடவி அழுதாள். எனக்கும் அழுகை வந்தது, யாரும் காரணம் கேட்கவில்லை.

வெள்ளிமலையைத் தாண்டியதும் ஜீப் சூடாகி நின்றுவிட்டது. டிரைவர் தண்ணீர் தேடி ஓடைப்பக்கம் இறங்கினார். இதை விட்டால் வேறு சமயம் இல்லை என்று தோன்றவே, ரயிலேற்றிவிடக் கூட வந்த தம்பியிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பாஸ்போர்ட், அடுப்படி, வகுப்பில் கேட்ட பேச்சு, பிள்ளைகளின் சிரிப்பு, எதையும் விடவில்லை.

"என்னால முடியலடா. திரும்பி வூட்டுக்கே பூடலாம்" என்றேன்.

அவன் கீழே தெரிந்த பள்ளத்தைப் பார்த்தபடி நின்றான். "உன்ன அப்படியா பேசனான் அந்த ஆளு?" என்றான். கண் கலங்கியிருந்தது. சரி, திரும்பலாம் என்று சொல்லப்போகிறான் என்றே நம்பினேன்.

"நீ வுட்டுட்டின்னா, அந்த எடத்த எனக்குக் குடுப்பாங்களாக்கா?" என்று கேட்டான்.

விளையாட்டுக்குக் கேட்கவில்லை. பதிலுக்காக என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். டிரைவர் தண்ணீரோடு மேலே வந்துவிட்டார். நான் ஜீப்பில் ஏறி உட்கார்ந்து, "ரயிலுக்கு நேரமாவுது, போலாம்" என்றேன்.