இடிக்காத மண்

என் அண்ணிக்கு வேலை மண்ணை இடிப்பது. மண் பரிசோதனைக்கூடத்துக்குப் பைபையாக வரும் மண்ணைத் தட்டில் காயவைத்து, மரச்சுத்தியால் பொடித்து, சலித்துக் கொடுக்க வேண்டும். கல்யாணத்துக்கு முன்பிருந்தே இதே வேலை. தோசை மாவில் கட்டி தட்டினால்கூட அவருக்குக் கை துறுதுறுக்கும். "கட்டியைக் கண்டா இவளுக்கு ஜென்மப் பகை" என்பான் அண்ணன்.

அந்தப் பகை ஒரு நாள் அவர் காலை வாரிவிட்டது.

ஒரு எலுமிச்சைத் தோட்டத்தில் இளமரங்கள் பட்டுக்கொண்டிருந்தன. உரம் வைத்தாயிற்று, மருந்து அடித்தாயிற்று. சத்துப் பரிசோதனையிலும் குறையில்லை. வெறுத்துப்போன தோட்டக்காரர், அன்று மாலையே எல்லாவற்றையும் பிடுங்கி எறிய இயந்திரத்துக்குச் சொல்லிவிட்டார்.

கூடத்துக்குப் புதிதாக வந்த பெண் அதிகாரிக்கு மனம் கேட்கவில்லை. மண்ணின் நுண்துளைகளைப் பார்க்க வேண்டும் என்றார். காற்றும் நீரும் போகிற வழி அவைதான். கண்ணுக்குத் தெரியாத உயிர்களின் குடியிருப்பும் அவைதான். பட்டுப்போகும் மரத்தடியில் ஒன்றும், புல் செழித்த வேலியோரத்தில் ஒன்றுமாக, இரும்பு வளையங்களை நிலத்தில் இறக்கி, உள்ளிருக்கும் மண் கலையாமல் எடுத்து வந்து அண்ணியின் மேசையில் வைத்தார். மைக்ராஸ்கோப்பைத் தயார் செய்துவிட்டுத் திரும்பியபோது, வேலியோர மண் தட்டில் தூளாகக் கிடந்தது.

"அக்கா, என்ன பண்ணிட்டீங்க?"

"இடிச்சேன் மேடம்." சொன்ன பிறகுதான் அண்ணிக்கு உறைத்தது.

"வீட்டை இடிச்சுட்டு, உள்ள வழி எப்படி இருந்துச்சுன்னு பாக்கவா முடியும்?" அதிகாரி நாற்காலியில் சாய்ந்துவிட்டார். ஒப்பிட்டுக் காட்ட இனி ஒன்றுமில்லை. மரங்களுக்கு மாலை வரைதான் ஆயுள்.

அண்ணி காலி வளையத்தைக் கழுவிக் கைப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார். தோட்டத்தில் இறங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. மரங்களுக்கு நடுவே டிராக்டர் ஓடி ஓடி இறுகிய தடத்தில் தண்ணீர் குளம்போல நின்றது. வேலியோரத்திலும் அதே மழைதான். ஒரு சொட்டு நிற்கவில்லை.

"குனிஞ்சு பாத்தேன். மண்ணு குடிக்குது. நான் பாக்கப் பாக்கக் குடிக்குது" என்று வீட்டில் சொன்னபோதும் குனிந்தே காட்டினார்.

புது மண்ணெடுத்த வளையத்தை மடியில் வைத்துக்கொண்டு, தோட்டக்காரரையும் கையோடு கிளப்பி, அவர் வண்டியிலேயே திரும்பினார். வழிநெடுக, "குலுங்காம ஓட்டுங்க, குலுங்காம ஓட்டுங்க" என்று ஒரே பாட்டு.

"என் பொண்டாட்டியைப் பிரசவத்துக்குக் கூட்டிட்டுப் போனப்பகூட இவ்வளவு பதமா ஓட்டலைம்மா" என்றார் அவர்.

இரண்டு வளையங்களிலும் ஒவ்வொரு குவளை நீர் ஊற்றினார்கள். வேலியோர மண் மடமடவென்று இழுத்துக் கீழே சொட்டியது. மரத்தடி மண்ணின் மேல் நீர் கண்ணாடிபோல நின்றது. சொட்டிய நீரை மைக்ராஸ்கோப்பில் வைத்ததும் தோட்டக்காரர் கண்ணை எடுக்கவில்லை. நூல்போன்ற புழுக்கள் நெளிந்தன. அவற்றைவிடச் சிறியவை, உடம்பைச் சுற்றியிருந்த மயிரால் துடுப்புப் போட்டு ஓடின.

"இதுங்க என்னத்தைத் தின்னுது மேடம்?" என்று கேட்டார் அவர்.

"பாக்டீரியாவை. தின்னுட்டு மிச்சச் சத்தை வேருக்கு விடும்."

"அப்ப பாக்டீரியா ஒண்ணையும் மிச்சம் வைக்காதுங்களே?"

"ரொம்பச் சின்னத் துளைக்குள்ள இதுங்களால நுழைய முடியாது. அங்க ஒளிஞ்சது பொழைச்சுக்கும், மறுபடி பெருகும்."

மற்ற வளையத்தின் அடியில் வெகுநேரம் கழித்து ஒரே ஒரு சொட்டு கசிந்தது. அதில் அசைவே இல்லை.

"மரத்துக்கு வியாதி இல்லீங்க. வேருக்கு மூச்சு முட்டுது" என்றார் அதிகாரி. "மண்ணைக் கிளறி விடுங்க, டிராக்டரை உள்ள விடாதீங்க. எல்லாம் பொழைக்கும்னு சொல்ல மாட்டேன். பாதியாவது தேறும்."

தோட்டக்காரர் போனை எடுத்தார். "வண்டியைத் திருப்பிக்கோப்பா. பிடுங்கலை." வைத்துவிட்டு மறுபடியும் மைக்ராஸ்கோப் பக்கம் குனிந்தார்.

அண்ணி அவர் தோளைத் தட்டினார். "நகருங்கண்ணே. நான் இன்னும் பாக்கவே இல்லை."