கூப்பிட்டால்தான் உள்ளே வருவார்

கம்பெனியின் ஆய்வகத்தில் பெயின்ட் மாதிரிகளைச் சோதித்துக்கொண்டிருந்தபோது சுலோச்சனா அக்காவின் அழைப்பு வந்தது. வேலை நேரத்தில் அவர் என்னை அழைத்ததே இல்லை. "அவரு பூட்டாரும்மா. காலைல பயிற்சி குடுத்துக்கினு இருக்கசொல்ல நெஞ்சைப் புடிச்சிக்கினு உக்காந்தாராம். அவ்ளோதான்" என்றார். வழக்கம்போல் எதுவும் சொல்லாமல் இருந்தேன்.

அக்காவின் கணவர் ஏழுமலை சாரை உங்களில் பலர் கோல்ஃப் மைதானத்தில் அறிந்தவர்கள். பிறருக்குப் பை தூக்கப் போனவர் தொழில்முறை ஆட்டக்காரராக உயர்ந்த கதையை நீங்கள்தான் எழுத வேண்டும். எனக்கு கோல்ஃப் தெரியாது. புதுவாயலில் அவருடைய வீட்டு மாடியில் வாடகைக்கு இருக்கிறேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர் வீடு திரும்பும் விதம் மட்டுமே.

திருவாலங்காட்டிலிருந்து கும்மிடிப்பூண்டிக்கு வேலைக்கு வந்த புதிது. எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவள் என்பதைத் தவிர என்னிடம் தைரியம் என்று எதுவும் இல்லை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சத்தம் கேட்காமல் மாடிப்படி ஏறுவேன். அப்படி ஏறிய ஒரு மாலையில், திறந்திருந்த கேட்டுக்கு வெளியே தோளில் நீளப் பையோடு சார் நின்றுகொண்டிருப்பதைப் பார்த்தேன். வீட்டில் சண்டையோ என்று நினைத்தேன். சற்று நேரத்தில் உள்ளேயிருந்து "நைனா!" என்று தெருவே அதிர ஒரு குரல். கல்லூரியில் படிக்கும் மகள் பவித்ரா. எதிர் டீக்கடைக்காரர், "மகாராணி உத்தரவு வந்துடுச்சி, போ சார்" என்றார். சார் சிரித்தபடி உள்ளே காலெடுத்து வைத்தார். ஒவ்வொரு மாலையும் இதேதான்.

காரணத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை, மின்சாரம் போய் எல்லோரும் மொட்டைமாடிக்கு வந்திருந்தபோது அக்கா சொன்னார். பவித்ரா ஒன்றாம் வகுப்பு படிக்கையில் முதன்முறையாக அவளைக் கூட்டிக்கொண்டு சாருடைய ஆட்டத்தைப் பார்க்கப் போயிருக்கிறார். கடைசிக் குழி. பந்து விழுந்தால் அடுத்த வருடமும் பெரிய போட்டிகளில் ஆடலாம், விழாவிட்டால் இல்லை. ஆட்டக்காரர் அடிக்க நிற்கும்போது யாரும் மூச்சுக்கூட விடக் கூடாது என்பது அங்கே வழக்கம். குழந்தைக்கு அது எப்படித் தெரியும்? அப்பாவைப் பார்த்த மகிழ்ச்சியில் "நைனா!" என்று கத்திவிட்டாள். பந்து குழியின் ஓரத்தைத் தொட்டு விலகிவிட்டது.

"இத்தினியூண்டு தூரம்மா. நான் அடிச்சிருந்தாகூட உழுந்திருக்கும்" என்றார் அக்கா.

"அப்ப நீயே வந்து அடிச்சிருக்கலாமே! கைல பொரி உருண்டை வச்சிக்கினு நின்னுக்கினு இருந்த" என்றார் சார்.

சிரித்து முடித்த பிறகு அவர் குரல் தணிந்தது. "எல்லாரும் திரும்பிப் பாத்தாங்களா, புள்ள பயந்துட்டா. அதுக்கப்புறம் என்னைக் கூப்புடறதையே உட்டுட்டா. தண்ணி வேணும்னாகூட வந்து சட்டையை இழுப்பா. ஆட்டம் போனா போவுது. புள்ள கூப்புடலன்னா நான் எந்த ஊட்டுக்குப் போறது?"

அதனால் ஒரு நாள் கேட்டிலேயே நின்றுவிட்டாராம். கூப்பிட்டால்தான் உள்ளே வருவேன் என்று. மழை பிடித்துக்கொண்டது. அக்கா எவ்வளவோ திட்டியும் நகரவில்லை. பையோடு நனைந்துகொண்டிருந்தவரைப் பார்க்கப் பொறுக்காமல், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குழந்தை கூப்பிட்டாள். அன்றிலிருந்து அது வீட்டு வழக்கமாகிவிட்டது. கதையைக் கேட்டுக்கொண்டிருந்த பவித்ரா எழுந்துபோய்க் காய்ந்த துணிகளை எடுக்கத் தொடங்கினாள். சார் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒருமுறை நான் காய்ச்சலோடு யாரிடமும் சொல்லாமல் அறையில் கிடந்தேன். அக்கா தந்த கஞ்சியோடு படியேறி வந்த சார் வாசலிலேயே நின்று சொன்னார்: "ஒரு குரல் குடுக்கக்கூடாதா? பேசாம இருக்கிறது எங்க ஆட்டத்துல மரியாதை. ஊட்ல அது மரியாதை இல்லம்மா." அதற்கும் நான் தலையை மட்டும்தான் ஆட்டினேன்.

அவர் இறந்த அன்று மாலை ஆம்புலன்ஸ் வந்து நின்றபோது நீங்கள் பலரும் தெருவில் இருந்தீர்கள். உங்களுக்குப் பழகிய அந்த அமைதியில், கை கட்டி நின்றீர்கள். அவரைத் தூக்கிக்கொண்டு கேட்டை நெருங்கியவர்களை டீக்கடைக்காரர்தான் கை நீட்டித் தடுத்தார். "கொஞ்சம் இருங்கப்பா." ஏன் என்று அவர் சொல்லவில்லை. பவித்ரா வாசற்படியில் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். காலையிலிருந்து அவள் அழவில்லை, பேசவில்லை. தூக்கியிருந்தவர்களுக்குத் தோள் வலித்திருக்கும். யாரும் அசையவில்லை.

"நைனா!"

அதன் பிறகே அவரை உள்ளே கொண்டுபோனார்கள்.

இப்போது கீழ்வீட்டில் டிவி சத்தம்கூட இல்லை. மாலையில் டீக்கடைக்காரர் எங்கள் பக்கம் பார்ப்பதைத் தவிர்க்கிறார். சாரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒன்றுதான். செருப்பைக் கையில் எடுப்பதில்லை. கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்து, கேட்டில் நின்று, "அக்கா, வந்துட்டேன்!" என்று சத்தமாகச் சொல்கிறேன். சில நாள் "வாம்மா" என்று பதில் வருகிறது. வராத நாளில், கேட்டுக்கு வெளியே இன்னும் கொஞ்ச நேரம் நிற்கிறேன்.