வாசலோடு நின்ற ஸ்பிளின்ட்

ஜம்பு சார் தெருவில் ஒரு தடவைகூட விழுந்ததில்லை. விழுந்த ஐந்து தடவையும் வீட்டுக்குள்தான். இதை நான் கவனிக்கவே இரண்டு வாரம் ஆனது. பராமரிப்பு வேலைக்கென்று பயிற்சி எடுத்தவளுக்கு அது வெட்கம்தான். சொல்லிவிட்டு மேலே போகிறேன்.

மும்பை மாட்டுங்காவில் இரண்டாவது மாடி. ஒரு ஹால், ஒரு சமையலறை. மனைவி போய் ஆறு வருஷம். இன்சூரன்ஸ் கம்பெனியின் கிளெய்ம் பிரிவில் முப்பத்தைந்து வருஷம் உட்கார்ந்து, அடுத்தவர் விழுந்ததையும் உடைந்ததையும் நம்பாமல் கேள்வி கேட்டே ஓய்வு பெற்றவர். தானே சமைத்து, தானே பூஜை செய்து, தானே பூட்டித் திறந்து வாழ்கிறவர். அந்த வாழ்க்கைக்குத்தான் ஆபத்து. திலக் நகரில் இருக்கும் மகள் வந்தனா கறாராகச் சொல்லிவிட்டாள்: "இன்னும் ஒரு தடவை விழுந்தேள்னா ஃப்ளாட்டைப் பூட்டிட்டு எங்காத்துக்கு வந்துடணும். பஸ், அவ்வளவுதான்." அதற்குள் கால்களைக் கொஞ்சம் தேற்ற முடியுமா என்று பார்க்க, தினமும் காலையில் இரண்டு மணி நேரத்துக்கு என்னை வைத்தாள்.

அவருக்கு இருப்பது பரம்பரையாக வரும் நரம்பு நோய். ஷார்கோ-மாரி-டூத் என்று மூன்று டாக்டர்களின் பெயர் அதற்கு. டூத் என்று காதில் விழுந்ததும் பல் டாக்டரைச் சிபாரிசு செய்த சொந்தக்காரர்களும் உண்டு. காலுக்குப் போகும் நரம்புகள் மெல்லக் கெட்டு, முழங்காலுக்குக் கீழே தசை வற்றிவிடும். பாதத்தைத் தூக்க முடியாது. நுனி தொங்கி, தரையில் இடறும். அவருடைய அப்பாவும் முழங்காலை உயர்த்தி உயர்த்தித்தான் நடப்பாராம். மிலிட்டரி நடை என்று வீட்டில் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் மிலிட்டரியில் இருந்ததே இல்லை.

வற்றிய தசையை உடற்பயிற்சி திரும்பக் கொண்டுவராது. தொடையையும் இடுப்பையும் வலுவாக வைத்துக்கொள்ளலாம். பாதத்தில் துண்டைப் போட்டு இழுத்து, குதிகால் இறுகாமல் பார்த்துக்கொள்ளலாம். களைப்பு வருமுன் நிறுத்திவிட வேண்டும், அதுதான் முக்கியம். கையூன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து தடவை எழுந்து உட்காரச் சொன்னேன். மறுநாள் போனால் மனிதர் காலைக் கீழே வைக்க முடியாமல் படுத்திருக்கிறார்.

"நேத்து எத்தனை செஞ்சிய?"

"நாப்பது."

"நான் எத்தனை சொன்னேன்?"

"பத்து போறாதுன்னு தோணித்து."

"தோணும். மாத்திரை ஒண்ணு சொன்னா நாலு முழுங்குவியளோ?"

"நீங்க ரொம்ப ஸ்ட்ரிக்ட், நர்ஸம்மா."

"ஸ்ட்ரிக்டா இருந்திருந்தா நீங்க நாப்பது செஞ்சிருக்க மாட்டிய."

மூன்றாவது வாரம் அவரோடு மார்க்கெட்டுக்குப் போனேன். டாக்டர் கொடுத்த ஸ்பிளின்ட் போட்டிருந்தார். உள்ளங்காலில் தொடங்கிக் கெண்டைக்கால் வரை பின்பக்கம் ஏறும் பிளாஸ்டிக் பட்டை அது. ஷூவுக்குள் வைத்துத்தான் போட முடியும். மனிதர் என்னை முந்திக்கொண்டு நடந்தார். பாகற்காய்க்காரனிடம் நின்றபடி கால் மணி நேரம் இந்தியில் சண்டை போட்டார். திரும்பி வந்து, வாசலுக்கு வெளியே ஸ்டூலில் உட்கார்ந்து, ஷூவோடு ஸ்பிளின்டையும் கழற்றி அலமாரியில் வைத்தார். பிறகு வெறுங்காலோடு, சுவரைத் தடவித் தடவி உள்ளே போனார்.

"சார், பட்டைய எதுக்குக் கழட்டுதிய?"

"ஷூவைப் போட்டுண்டு ஆத்துக்குள்ளே எப்படி வர்றது?"

"வீட்டுல போடுறதில்லன்னு டாக்டர்ட்ட சொன்னியளா?"

"அவர் கேக்கலை."

"ஒரு நாளைக்குத் தெருவுல எவ்வளவு நேரம் நடக்கிய?"

"ஒன் அவர்."

"மிச்ச நேரம்?"

கோபத்தில் எனக்குக் காது சூடாகிவிட்டது. டாக்டர் கேட்கவில்லை, பிசியோதெரபிஸ்ட் கேட்கவில்லை, மகளுக்கும் தோன்றவில்லை. தோன்றாது, நம் வீடுகளில் யார்தான் செருப்போடு உள்ளே வருகிறோம்?

வீட்டுக்குள் மட்டும் போட, வாசற்படியே தாண்டாத புது ஷூ ஒன்று வாங்கச் சொன்னேன். தோல் கூடாது என்றார். வந்தனா கேன்வாஸில் வாங்கி வந்தாள்.

"கடையில எவனாவது போட்டுப் பாத்திருப்பானே?"

"சார், கிளெய்ம் ஆபீஸ மூடுங்க. கால நீட்டுங்க."

அடிப்பாகத்தை மூன்று தடவை ஈரத்துணியால் துடைத்துவிட்டுத்தான், உள்ளே ஸ்பிளின்டை வைத்துப் போட்டுக்கொண்டார். ஹாலில் நடந்தார். சமையலறை வாசலில் நின்றார். உள்ளே சாமி அலமாரி. ஸ்டூலை இழுத்துப்போட்டு மறுபடியும் கழற்றினார்! ஹாலில் விழுந்தால் காயத்தோடு போகும். சமையலறையில் தரை ஈரம், அடுப்பில் கொதிக்கும் ரசம். அங்கேதான் வெறுங்கால். பத்து நாள் கத்தினேன். பத்து நாளும் பணிவாகக் கேட்டுக்கொண்டு, பத்து நாளும் கழற்றினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தனா வந்தாள். காபிக்குப் பாலை அடுப்பில் வைத்துவிட்டு, போன் வந்ததும் பால்கனிக்குப் போய்விட்டாள். நான் ஹாலில் தரையில் உட்கார்ந்து அவருடைய பயிற்சிப் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். எனக்கு எழுந்திருக்க நேரமாகும். பால் பொங்கும் சத்தம் கேட்டது. ஜம்பு சார் கையூன்றாமல் எழுந்தார். நேரே உள்ளே போய் அடுப்பை அணைத்தார். சுவரைத் தொடவே இல்லை. அணைத்த பிறகுதான் தன் காலில் ஷூ இருப்பதைப் பார்த்தார். சாமியைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

வந்தனா ஓடி வந்தாள். "அரே, அப்பா! பிடிக்காம நடந்தேள்!"

"பால் பொங்கித்து."

"இப்படியே இருங்கோளேன், கிச்சன்லயும்."

"சாமி இருக்கார்."

எனக்குப் பொறுமை போய்விட்டது. "பத்து நாளா நீங்க வெறுங்காலோட தடுமாறுததப் பாத்து அவருதான் பயந்துகிட்டு இருக்காரு, சார்!"

ஜம்பு சார் காபியைக் குடித்து முடித்தார். பிறகு ஒரு ஃபைலை முடித்து வைக்கிற குரலில் சொன்னார்: "சாமியை ஹாலுக்கு மாத்திடு, வந்தனா. கிழக்குச் சுவர். கீழே ஒரு நாற்காலி. உக்காந்துண்டு கழட்டறேன், உக்காந்துண்டே பூஜை பண்றேன், திரும்ப மாட்டிண்டுதான் எழுந்திருப்பேன். போறுமா?"

நாலு ஆணி. பத்து நாளாக நான் தொண்டை வற்றக் கத்தியது நாலு ஆணிக்குத்தான். வந்தனா அன்று மதியமே ஆள் கூட்டி வந்து அடித்து முடித்தாள். ஃப்ளாட்டைப் பூட்டும் பேச்சை எடுக்கவில்லை. கிளம்பும்போது மட்டும், "மூணு மாசம் பாக்கலாம், அப்பா" என்றாள்.

அவள் படியிறங்கும் சத்தம் ஓயும்வரை காத்திருந்து அவர் என் பக்கம் திரும்பினார்.

"பாலை வச்சுட்டு போன் பேசறா. இவ என்னை அழைச்சுண்டு போய்ப் பாத்துப்பாளாம்."