சந்தனம் அடைத்த சென்சார்

குருசுக்குப்பத்து ஜெயசித்ரா, ஊருக்கு வெளியே ஒரு வனஸ்பதி ஆலையில் கசிவு சோதிப்பவள். எண்ணெயை இறுக வைக்க அங்கே ஹைட்ரஜன் ஓடுகிறது. அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. கசிந்தால் மேலே ஏறிவிடும். அதனால் கூரையை ஒட்டி உள்ளங்கையளவு சென்சார்கள். கம்பியில்லாமலே, கசிவில்லை என்று ஓயாமல் செய்தி அனுப்பும். ஜெயசித்ரா அதை மட்டும் நம்பி இருந்துவிட மாட்டாள். ஏணியில் ஏறி, சோதனை வாயுவைக் கொஞ்சம் காட்டி, சென்சாரில் எண் ஏறிய பிறகே இறங்குவாள்.

மஸ்கட்டில் வெல்டராக இருக்கும் புருஷன் சந்திரமோகனும் தினம் விடியலில் ஒரு செய்தி அனுப்புவான்: நல்லா இருக்கறேன். போன தீபாவளிக்கே வந்திருக்க வேண்டியவன். இப்போது வீடியோவிலும் வருவதில்லை, நெட் சரியில்லையாம். மீசையில் நரை விழுந்திருக்குமோ என்றுகூட யோசித்துப் பார்ப்பாள். அந்த முகம் வேண்டியிருந்தது அவளுக்கு.

ஆயுத பூஜை முடிந்து ஆலை திறந்த அன்று, பம்ப் அறை சென்சாருக்கு வாயுவைக் காட்டினாள். எண் அசையவில்லை. கிட்டே போய்ப் பார்த்தால், வாயு நுழையும் வலைக்கண் முழுக்கக் காய்ந்த சந்தனம், நடுவில் குங்குமம்.

"குப்பண்ணே! இது உங்க வேலையா?"

ஃபிட்டர் குப்பன் கீழேயிருந்து சிரித்தார். "மோட்டாருக்கு வெச்சோம், லாரிக்கு வெச்சோம். அது மட்டும் என்னாம்மா பாவம் பண்ணுச்சி?"

"நெத்தி எதுன்னு பாத்து வெக்கக் கூடாதா? மூக்க அடைச்சி வெச்சிருக்கீங்க!"

பூஜை நாளிலிருந்து கட்டுப்பாட்டு அறைத் திரையில் அது பச்சையாகவே இருந்திருக்கிறது. அடைபட்ட பிறகும் கசிவில்லை என்றே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. வேறு சென்சார் மாட்டிச் சோதித்த பிறகும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. உள்ளே செல்போன் ஆகாது. கேட்டில் கொடுத்து வைத்திருந்ததைப் போய் வாங்கி, சந்திரமோகனைக் கூப்பிட்டாள்.

"மாமா, வீடியோல வா."

"நெட்டு இல்ல சித்ரா."

"பேசறது மட்டும் நல்லா கேக்குது?"

பிறகு படம் வந்தது. கன்னம் ஒட்டிப்போயிருந்தது. வலது கையில் முழங்கை வரை கட்டு.

"சூடு பட்டுச்சி. ஆறிட்டு வருது. சொன்னா நீ அழுவேன்னுதான்..."

"எடது கையாலதான் இத்தினி நாளா நல்லா இருக்கறேன்னு அடிச்சியா?"

அவன் சிரிக்கப் பார்த்தான்.

"கெளம்பி வா மாமா."

"கை ஆறட்டும். இப்படியே வந்தா குப்பத்துல சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். நான் ஊட்டி விடறேன்."

அவன் போனை வைக்கவில்லை. வேலைக்கு மணி அடித்தது. "அப்படியே இரு, திரும்பாத" என்று சொல்லிவிட்டு, அவள் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.